என் வாயால் போகவில்லை

என் கணவர் இரகசியப் பொலிசில் இருந்ததை ஊருக்குச் சொன்னவள் நான்தான் என்று அச்சுவேலிப் பக்கத்தில் இன்றைக்கும் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். கெட்ட மனிதர்கள் இல்லை. என் வீட்டு நன்மை தீமைக்கு வந்து நின்றவர்கள். ரீச்சர் நல்ல மனிசி, வாய்தான் கொஞ்சம் என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். வாய் எனக்கு இருக்கிறதுதான். முப்பது வருடத்துக்கு மேல் அந்த வாயால் படிப்பித்துத்தான் சம்பளம் வாங்கினேன். ஆனால் அந்த ஒரு விஷயம் அதன் வழியாகப் போகவில்லை. போன வழி எனக்குத் தெரியும். கேட்பதற்கு ஆளில்லை என்பதற்காகச் சொல்லாமல் விடுகிற உத்தேசம் எனக்கில்லை.

உலக யுத்தம் தொடங்கிய வருடம் எனக்குக் கலியாணம் பேசினார்கள். நான் அப்போது பக்கத்து ஊர்ச் சைவப் பாடசாலையில் உதவி ஆசிரியை. மாப்பிள்ளை நெல்லியடிப் பக்கம். தையல் மெசின் விற்கிற கொம்பனி ஒன்றின் ஏசண்டு என்று சொல்லிக்கொண்டுதான் சம்பந்தம் வந்தது. ஐயா ஒரே சொல்லில் மாட்டேன் என்றுவிட்டார். புகையிலைத் தோட்டம் செய்து, மகளை ஆங்கிலமும் தமிழும் படிப்பித்து, வீடும் வளவும் எழுதிக் கொடுக்க இருக்கிற மனிதர், ஒரு மெசின்காரனுக்கா பெண் கொடுப்பார்? யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் கவுண்மேந்து உத்தியோகம் இல்லாத மாப்பிள்ளைக்கு முகம் என்று ஒன்று கிடையாது.

அடுத்த கிழமை மாப்பிள்ளை தனியாக வந்தார். ஐயாவைத் தோட்டப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் நெடுநேரம் கதைத்தார். திரும்பி வந்தபோது ஐயாவின் நடையே வேறாக இருந்தது. அம்மாவையும் என்னையும் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, மாப்பிள்ளை கொழும்புப் பொலிசில் இரகசியப் பகுதி, மெசின் என்பது வெளிவேஷம், இது இந்த வீட்டைத் தாண்டக் கூடாது என்றார். அப்படிச் சொல்லும்போது மனிதருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊருக்கே தெரியாத உத்தியோகம் என்பதால் அது இன்னும் பெரிய உத்தியோகம் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

சீதன உறுதி எழுதுகிற அன்றைக்குத்தான் வினை வந்தது. எங்கள் வழக்கப்படி பெண்ணுக்குக் கொடுக்கிற வீடு, காணி எல்லாவற்றையும் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு முன்னால் உறுதியாக எழுதி, கொடுக்கிறவரும் வாங்குகிற மாப்பிள்ளை பெண்ணும் கையெழுத்து வைக்க வேண்டும். மாப்பிள்ளையின் பெயரோடு அவருடைய உத்தியோகமும் வரும். நொத்தாரிசு தையல் மெசின் ஏசண்டு என்று எழுதப் பேனையை எடுத்தார். ஐயா கையைப் பிடித்துக்கொண்டார். ஊருக்கு என்னவும் சொல்லிக்கொள்ளலாம், உறுதியில் பொய் எழுத முடியாது, நாளைக்குப் பேரப்பிள்ளை எடுத்து வாசிக்கிறபோது தாத்தா ஒரு மெசின்காரனுக்குக் காணி கொடுத்தார் என்றா இருக்க வேண்டும் என்று ஒரே பிடி. மாப்பிள்ளை வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில், இரும்புப் பெட்டிக்குள் கிடக்கப் போகிற காகிதம்தானே என்று இணங்கினார். "கொழும்புப் பொலிஸ் கந்தோர் உத்தியோகத்தர்" என்று எழுதப்பட்டது.

உண்மையைச் சொல்லப் புகுந்தால் முழுதும் சொல்ல வேண்டும். அதைப் பார்த்தபோது எனக்கும் பிடித்திருந்தது. நாலு சொல்லையும் இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன். அந்த உறுதிக்கு ஒரு பிரதி காணிப்பதிவுக் கந்தோருக்குப் போகும், கேட்டவன் எவனும் அங்கே போய் அதைப் பார்க்கலாம் என்பது எங்கள் மூன்று பேருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. நொத்தாரிசுக்குத் தெரியும். அவருக்கு அது தினசரி வேலை, பல் துலக்குகிற மாதிரி. ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த வருடம் காலமாகியும் போனார்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் நான் மெசின்காரன் பெண்சாதி. பாடசாலையில் மற்ற ஆசிரியைகள் ஊசி இருக்கிறதா, நூல் இருக்கிறதா என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஒருத்தியின் கணவன் அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில் கிளாக்கர். அவள் என்னைப் பார்க்கிற பார்வையே மேலிருந்து கீழாக வரும். உன் கிளாக்கரை விட என் ஆள் எவ்வளவோ மேல் என்று ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எத்தனை நாள் துடித்தது தெரியுமா? சொல்லவில்லை. பகிடிக்குக் கூடச் சொல்லவில்லை. வேடிக்கை என்னவென்றால் அவர் மெசின் திருத்துவதில் மெய்யாகவே கெட்டிக்காரராகி விட்டிருந்தார். யுத்தத்தால் புது மெசின் வருவது நின்றுபோக, பழசைத் திருத்த அவரைத் தேடி எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வரும். எந்தப் படலையும் அவருக்குத் திறக்கும். அவருடைய மேலதிகாரிகளுக்கும் அதுதானே தேவை.

இனிப் பிறக்கிராசியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிறவர், காணி உறுதிகள் பார்க்கிறவர், எங்கள் கிராமச் சங்கத் தலைவர், அடுத்த தேர்தலில் கொழும்புச் சட்டசபைக்குப் போகக் கண் வைத்திருந்தவர். வெள்ளை வேட்டி, தங்கப் பொத்தான், எல்லாரையும் தங்கச்சி, தம்பி என்று கூப்பிடுகிற வாய். கிராமச் சங்கத் தேர்தலில் எங்கள் வடக்குக் கரையிலிருந்த மீன்பிடி ஊர்கள் அவருக்கு வாக்குப் போடவில்லை. அதை மனிதர் மறக்கவில்லை.

யுத்தம் கடுமையான வருடம் அது. யப்பான்காரன் வந்துவிடுவான் என்று ஆட்கள் கொழும்பிலிருந்து ஊருக்கு ஓடிவந்துகொண்டிருந்த காலம். அந்த நேரம் பார்த்து பிறக்கிராசியார் ஒரு கூட்டத்தில், வடகரைச் சனங்கள் கடலுக்குள் போய் யப்பான் நீர்மூழ்கிக் கப்பலுக்கு மண்ணெண்ணெய் விற்கிறார்கள், விளக்கால் சைகை காட்டுகிறார்கள் என்று பேசினார். பத்திரிகையில் வந்தது. கொழும்பில் பெரிய இடத்தில் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். உண்மையா என்று பார்த்துவர என் கணவரை அனுப்பினார்கள்.

மூன்று கிழமை மெசின் திருத்துகிற ஆயுதப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கரையோரம் முழுதும் திரிந்தார். வந்து மேசையில் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். உத்தியோக விஷயம் எதையும் வீட்டில் கதைக்க மாட்டார். அன்றைக்கு மட்டும் பேனையை வைத்துவிட்டு ஒன்று சொன்னார்.

"அந்தச் சனத்திட்டைத் தங்கடை வீட்டு விளக்குக்கே எண்ணெய் இல்லை. உவர் பிறக்கிராசி சொல்லுறது முழுப் பொய்."

அறிக்கை கொழும்புக்குப் போனது. அங்கே அதை விரும்பாதவர்கள் இருந்திருக்கிறார்கள். அறிக்கை போய் ஒரு மாதத்துக்குள், அது ஒன்று எழுதப்படவே இல்லை என்பது போல, வள்ளங்கள் எல்லாவற்றையும் கரையில் இழுத்துப் போட வேண்டும் என்று கட்டளை வந்தது. கூப்பன் அரிசியும் குறைந்துபோயிருந்த காலத்தில் கடலையும் மூடினார்கள். கரையில் அடுப்பு எரியவில்லை. யாரோ ஒருவன் தனக்கு எதிராக எழுதியிருக்கிறான் என்பதும் பிறக்கிராசியாரின் காதுக்கு வந்திருக்கிறது. எப்படி வந்தது என்பதை நான் அறியேன். கொழும்பில் அவருக்கு ஆட்கள் உண்டு.

அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதம். யாழ்ப்பாணத்தில் அப்போது வெளிவந்த ஒரு வாரப் பத்திரிகையில், உண்மைப் பிரியன் என்ற புனைபெயரில். வடக்கில் ஒரு சைவப் பாடசாலை ஆசிரியையின் கணவன், மெசின் திருத்துகிறேன் என்று வீடு வீடாக நுழைகிறவன், உண்மையில் கொழும்புப் பொலிசின் உளவாளி என்றும், மீனவர்களுடைய வள்ளங்கள் கரை ஏறியது அவன் கொடுத்த இரகசிய அறிக்கையால்தான் என்றும் எழுதியிருந்தது. பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. ஆசிரியையும் மெசினும் ஒரே வீட்டில் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். உளவாளி என்றது உண்மை. மற்றது அப்படியே தலைகீழ். அந்தச் சனத்துக்காக எழுதிய மனிதனை அந்தச் சனத்தின் வயிற்றில் அடித்தவனாக ஆக்கிவிட்டார்கள். உண்மையைச் சொல்லவும் வழியில்லை, அறிக்கை இரகசியம்.

இரண்டாம் நாள் காலை எங்கள் படலையில் ஒரு பெண் வந்து நின்றாள். குருநகரில் பிறந்து எங்கள் பக்கத்துக் கரையில் வாழ்க்கைப்பட்ட கிறிஸ்தவ வேதக்காரப் பெண். மூன்று வருடமாக எங்களுக்கு மீன் கொண்டுவந்தவள், அதாவது சைவ வீட்டில் வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாட்களில். மீன் கடகம் இல்லாமல் வெறும் கையோடு வந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ரீச்சர், உங்கடை மனிசன் என்ரை வீட்டிலை இருந்து தேத்தண்ணி குடிச்சவர். என்ரை மெசினுக்குக் காசும் வாங்கேல்லை. அதுக்கோ இந்த வேலை?"

அவர் அப்படி எழுதவில்லை என்று சொல்ல எனக்கு எத்தனை நொடி ஆகும்? நா வரைக்கும் வந்தது. சொன்னால் அறிக்கை வெளியே போகும். அவருடைய சத்தியம் முறியும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள், என் பிள்ளைகள் மூன்று நாளாய் மரவள்ளி தின்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். வாழ்க்கையில் நான் வாய் பொத்தி நின்ற ஒரு நேரம் உண்டென்றால் அதுதான். வாய்க்காரி என்று என்னைச் சொல்கிறவர்கள் அந்தப் படலையடியில் வந்து நின்றிருக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. படிப்பிக்கிற வகுப்பில் பிள்ளைகள் குறைந்தார்கள். அவர் சைக்கிளில் போகிறபோது மதிலுக்குப் பின்னால் இருந்து கல் வந்தது. ஒரு கல் நெற்றியில் பட்டு, இரத்தத்தோடு வந்து பெட்டியை மூலையில் வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் படலைகள் திறக்கவில்லை. கொழும்பிலிருந்து முத்திரை வைத்த கடிதம் வந்தது. இரகசியம் எப்படி வெளியானது என்று விசாரிக்க ஒரு துரை வருகிறார், கணவனும் மனைவியும் யாழ்ப்பாணத்தில் முன்னிலையாக வேண்டும் என்று.

மனைவியும் என்று வாசித்தவுடனேயே பழி என்மேல்தான் வரப்போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஐயாவுக்கும் புரிந்தது. ஆனால் அவருக்கு அது வேறு விதமாகப் புரிந்தது. அடுத்த நாளே வந்து, என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, நீ வாய் தவறி ஆரிட்டையோ சொல்லிப்போட்டன் எண்டு சொல்லு. பொம்பிளை சொன்னா உவை பெரிசா எடுக்க மாட்டினம். அவரின்ரை உத்தியோகம் நிக்கும்."

நான் சொல்லவில்லையே ஐயா என்றேன். சொல்லாவிட்டால் என்ன, சொன்னதென்று சொல்லேன் என்றார். அவர் கெட்டது நினைக்கவில்லை. மகளுடைய மாப்பிள்ளையின் உத்தியோகத்தைக் காப்பாற்ற மகளுடைய பெயரைக் கொடுப்பது அவருக்கு ஒரு நட்டமாகவே படவில்லை. எனக்கு அப்போது வந்த கோபத்தில் வாளியைக் கிணற்றுக்குள் கயிற்றோடு விட்டுவிட்டேன். பிறகு அவர்தான் கொக்கத்தடியால் எடுத்துத் தந்தார்.

இதில் என் கணவர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லு என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்கு ஐயாவின் பேச்சை விட எரிச்சலாக இருந்தது.

அடுத்து வந்தவர் பிறக்கிராசியார். தானாகவே, ஒரு சனிக்கிழமை காலை, கையில் வாழைப்பழச் சீப்போடு. என் கணவர் வீட்டில் இல்லை. பிறக்கிராசியார் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, பத்திரிகைக்காரர் செய்தது அநியாயம் என்றார், காலம் கெட்டுவிட்டது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, வியாழக்கிழமை துரை கேட்டால், பள்ளிக்கூடத்திலை கதையோடை கதையாய்ச் சொல்லுப்பட்டுப் போச்சு எண்டு சொல்லிவிடும். அதோடை முடிஞ்சுது. ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை."

வியாழக்கிழமை என்று அவருக்கு யார் சொன்னது? எங்கள் வீட்டில் மூன்று பேரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. நான் தேத்தண்ணி வைக்க எழும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். இந்த மனிதருக்கு என் வாய்மேல் ஏன் இவ்வளவு அக்கறை? நான் சொன்னேன் என்று ஆகிவிட்டால் வேறு எவரையும் தேட மாட்டார்கள். அப்படியானால் தேடினால் அகப்படக் கூடிய ஒருவர் இருக்கிறார். தேத்தண்ணியை வைத்துக் கொடுத்தேன். யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வாழைப்பழத்தை மாட்டுக்குப் போட்டேன்.

அன்று முழுதும் இருந்து யோசித்தேன். யாருக்குத் தெரியும்? அவர், நான், ஐயா, அம்மா. அம்மா கோயிலில் கூட வாய் திறவாத மனிசி. நொத்தாரிசு செத்துப்போனார். சாகாமல் இருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் ஊரில் ஒரு மனிதனைப் பற்றி அறிய வேண்டுமென்றால் அவனிடம் கேட்க வேண்டியதில்லை, அவனுடைய சீதன உறுதியைப் பார்த்தால் போதும். பிறக்கிராசியை விட அது நன்றாக வேறு யாருக்குத் தெரியும்? அவருடைய தொழிலே அதுதான். அந்த மூன்று கிழமையும் கரையோரம் திரிந்தது யார் என்று கேட்டிருந்தால் மெசின்காரன் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

திங்கட்கிழமை பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனேன். காணிப்பதிவுக் கந்தோரில் பெண்கள் வருவது அபூர்வம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். எங்கள் உறுதியின் இலக்கத்தைக் கொடுத்து அதற்குப் பிரதியாக ஒரு கொப்பி வேண்டும் என்றேன். அங்கிருந்த கிளாக்கர் வயதானவர். புத்தகத்தைப் புரட்டிவிட்டு, என்ன பிள்ளை, இந்தக் காணியில் ஏதும் வழக்கோ, இதே உறுதிக்குப் போன மாதமும் ஒரு கொப்பி போனதே என்றார். யார் எடுத்தது என்று கேட்டேன். பிறக்கிராசியாரின் பெயர், கையெழுத்து, முத்திரை, திகதி எல்லாம் விண்ணப்பத்தில் இருந்தது. அந்தக் கடிதம் பத்திரிகையில் வருவதற்குப் பத்து நாள் முன்னால். மனிதருக்கு ஒளிக்க வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை. உறுதி பார்ப்பது அவருக்கு அவ்வளவு பழக்கம். எங்களுடைய பிழையைத்தான் அவரும் செய்திருந்தார். உறுதிக்குக் கொப்பி, விண்ணப்பத்துக்குக் கொப்பி, இரண்டையும் எழுதி முத்திரை வைத்து வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது எனக்குச் சந்தோஷத்தில் பாட்டே வந்தது, சொன்னால் வெட்கம்.

வீட்டுக்கு வந்து என் கணவர் முன்னால் இரண்டையும் விரித்தேன். அவர் வாசித்தார்.

இதை வெளியில் எடுத்தால் பிறக்கிராசி அகப்படுவார்தான் என்றார். ஆனால் இரகசிய உத்தியோகத்தை உறுதியில் எழுத விட்டுக் கையெழுத்து வைத்தவன் நான். என்னை ஒரு நாள் கூட வைத்திருக்க மாட்டார்கள் என்றார். எழுத வேண்டாம் என்று நீர் அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்று என்மேல் பாய்ந்தார். உண்மைதான். நானும் சந்தோஷப்பட்டவள்தானே என்று ஒப்புக்கொண்டேன். அப்படியானால் என்ன செய்யப் போகிறீர் என்று கேட்டார்.

"நான் சொல்லாததைச் சொன்னன் எண்டு சொல்ல மாட்டன். மிச்சத்தை நீங்களே யோசியுங்கோ" என்றேன்.

வியாழக்கிழமை வரைக்கும் அந்த வீட்டில் சோறு போடு, தண்ணீர் எடு என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

துரை யாழ்ப்பாணத்தில் ஒரு விடுதி அறையில் இருந்தார். ஐயாவும் எங்களோடு வந்து வெளி விறாந்தையில் இருந்தார். முதலில் என் கணவரைக் கூப்பிட்டார்கள். அரை மணித்தியாலம் கழித்து அவர் வெளியே வந்தார், என்னைப் பார்க்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். துரை வயது போன, களைத்த மனிதர். பக்கத்தில் தமிழ்க் கிளாக்கர் ஒருவர் மொழிபெயர்க்க இருந்தார். உன்னுடைய கணவருடைய வேலையைப் பற்றி யாரிடம் கதைத்தாய் என்பதுதான் முதல் கேள்வி. கதைத்தாயா என்று கேட்கவில்லை, யாரிடம் என்று கேட்டார். ஒருவரிடமும் இல்லை என்றேன். துரை பெருமூச்சு விட்டு, தட்டச்சு அடித்த தாள் ஒன்றை எடுத்து மொழிபெயர்ப்பாளரிடம் காட்டினார். பயப்பட வேண்டாம் என்று கிளாக்கர் எனக்குத் தமிழில் சொன்னார். தெரியாத்தனமாகச் சொல்லியிருந்தால் தண்டனை இல்லை, உங்கள் கணவரே அப்படித்தான் நினைக்கிறார் என்றார்.

எனக்கு இங்கிலீசு வாசிக்க வரும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. நான் கையை நீட்டித் தாளை வாங்கினேன். நடுவில் ஒரு வரி. என் மனைவி, உலக அனுபவம் இல்லாதவள், பேச்சுவாக்கில் யாரிடமாவது சொல்லியிருக்கக் கூடும். கீழே அவருடைய கையெழுத்து. எனக்குத் தெரிந்த கையெழுத்து. மூன்று வருடத்துக்கு முன் என் பெயருக்குப் பக்கத்தில் பார்த்த அதே கையெழுத்து.

அழுகை வரவில்லை. வந்திருந்தால் அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும். பையைத் திறந்து இரண்டு கொப்பியையும் மேசையில் வைத்தேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லி, எனக்கு வந்த இங்கிலீசில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது எங்கள் சீதன உறுதி. இதில் என் தகப்பனின் பெருமை இருக்கிறது, என் கணவரின் பலவீனம் இருக்கிறது, என் ஆசையும் இருக்கிறது; மூன்று பேரும் கையெழுத்து வைத்திருக்கிறோம். இது இதைத் தேடி எடுத்தவரின் விண்ணப்பம். இது பத்திரிகை வந்த திகதி. இவருக்கு எதிராக என் கணவர் என்ன எழுதினார் என்பது உங்களுடைய பெட்டிக்குள் இருக்கிறது. அதை நான் சொல்ல மாட்டேன், நீங்கள் எடுத்து வாசியுங்கள்.

துரை வெகு நேரம் வாசித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இது உன் கணவரை என்ன செய்யும் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அப்படியானால் உன்னுடைய வாக்குமூலத்தைத் தட்டச்சு அடித்துத் தருகிறேன், கையெழுத்து வை என்றார்.

மாட்டேன் என்றேன். அந்தத் தாளில் என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அது இருக்கும் மட்டும் என் கையெழுத்து இந்த மேசைக்கு வராது. எழுதியவரே வந்து வெட்ட வேண்டும். துரை அப்படி ஒரு முறை இல்லை என்றார். மனைவியைக் கேளாமல் அவள் சொன்னாள் என்று எழுதுகிற முறை மட்டும் இருக்கிறதா என்று கேட்டேன். கிளாக்கர் தலையைக் குனிந்துகொண்டார். துரைக்கு அலுத்துவிட்டது. கூப்பிடு என்றார்.

என் கணவர் உள்ளே வந்து மேசையைப் பார்த்தார். இரண்டு கொப்பியும் கிடந்தன, அவருடைய தாளும் கிடந்தது. துரை விளக்கத் தொடங்கினார். இவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. குனிந்து கிளாக்கரின் பேனையை எடுத்தார். அந்த வரியின் தொடக்கத்தில் முனையை வைத்து, கடைசி எழுத்து மட்டும் ஒரே இழுப்பாக இழுத்தார். தாள் கிழிந்தது. பக்கத்தில் பெயரின் முதலெழுத்துக்களைப் போட்டார். உத்தியோகம் அதோடு போனது. அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. பிறக்கிராசியார் அந்த மாதமே உடல்நலக் குறைவென்று தலைவர் பதவியை விட்டார், வள்ளங்கள் சோளகக் காற்றுக் காலம் முடிய முன்னமே கடலில் இறங்கின. ஆனால் பத்திரிகை திருத்தம் போடவில்லை, ஊரும் கதையை மாற்றவில்லை.

நான் என் வாக்குமூலத்தை வாசித்து, ஒரு சொல்லைத் திருத்தி, கையெழுத்து வைத்தேன். இரண்டு பேரும் வெளியே வந்தோம். விறாந்தையில் ஐயா எழும்பி நின்றார். என்னிடம்தான் கேட்டார், என்ன பிள்ளை, நான் சொன்ன மாதிரிச் சொன்னனியோ என்று. நான் வாய் திறக்க முதல் என் கணவர் முன்னால் வந்து நின்றார். அங்கே பொலிஸ்காரர் இரண்டு பேரும், விடுதிக்கு வந்த சனமும் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"மாமா, அவ ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நான்தான் அவவிலை பொய் எழுதினனான்."